பதினோரு விடுதிகளுக்கு ஒரு நாய்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் என் மகன் சோலைராஜ். அவனுக்குப் பிறகு எத்தனையோ பேர் செய்தார்கள், ஜப்பானில் ஒரு கடற்கரை ஊரே சேர்ந்து செய்தது, கடைசியில் ஒரு நாய்கூடச் செய்தது, ஆனாலும் வரிசையில் முதல் ஆள் அவன்தான் என்பதை எழுதிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பேத்தி பிறந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள என்று என் பெண்சாதி பேச்சித்தாயை அந்த நாட்டுக்கு அழைத்துப் போனான், இரண்டு வருடம் வைத்திருந்தான், ஒரு தை மாதத்துக் குளிரில் வீட்டில் யாரும் இல்லாத பகலில் அவள் இறந்துபோனாள், மூன்றாம் நாள் அங்கேயே எரித்துவிட்டான். அந்த நேரத்தில் நான் கோவில்பட்டியில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருடம் தீப்பெட்டி லோடு ஏற்றி கான்பூர் வரைக்கும் லாரி ஓட்டியவன் நான். அவள் புறப்படும்போதே "நீங்களும் ஒரு பாஸ்போட்டு எடுத்து வைங்க" என்று நாலு தடவை சொன்னாள், விமானத்தில் ஏறுகிற ஆள் நான் இல்லை என்று நாலு தடவையும் சொன்னேன், அது வேறு விஷயம். செத்தவள் முகத்தைப் புருஷனுக்குக் காட்டாமல் தீ வைக்கிற வழக்கம் எங்கள் ஊரில் எந்தச் சாதியிலும் கிடையாது.

நாற்பத்து மூன்றாம் நாள் போய் இறங்கினேன். ஒரு வெள்ளைப் பானையில் எலும்பைக் காட்டினான். அப்புறம் ஒரு நாயைக் காட்டினான். பேத்தி விளையாட என்று வாங்கியது, செம்மண் நிறம், வால் முதுகுக்கு மேல் சுருண்டிருக்கும், அவர்கள் அதற்கு ஏதோ ஜப்பான் பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் பேச்சித்தாய் அதைச் செவலை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது செவலையாகவே ஆகிவிட்டது. பேத்தியைப் பகலில் பிள்ளைக் காப்பகத்தில் விட ஆரம்பித்த பிறகு அவள் நாள் முழுக்க அதனிடம்தான் பேசியிருக்கிறாள், வேறு யாரிடம் பேச, அதனால் அதற்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. நான் வாசலில் நின்று "என்ன செவல" என்றதும் வந்து என் காலை மோந்து பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

மகனோடு நான் பேசவில்லை. பத்து நாள் பார்த்தான், பிறகு, "கடலோரமா ஒரு வெந்நீர் ஊத்து விடுதி இருக்குப்பா, நாயையும் சேப்பாங்க. அம்மா மூட்டு வலிக்குப் போகணும்னு ஆசப்பட்டுச்சு, நாந்தான் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளிட்டே வந்துட்டேன். நீங்களாவது போய் நாலு நாள் இருங்க" என்றான். அவனே காரில் கொண்டுபோய் விட்டான். அந்த ஊரின் பெயர் என் வாயில் நுழையவில்லை, நுழைந்தாலும் சொல்ல மாட்டேன். பின்னால் மலை, முன்னால் கரும்பாறைக் கடல், நடுவே ஒரே தெருவில் பதினோரு விடுதிகள், மலை மேலே ஒரு ஊற்றுத் தொட்டி, அங்கிருந்து குழாய் வழியாகப் பதினோரு விடுதிக்கும் அழுகின முட்டை நாற்றத்தோடு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அவ்வளவுதான் ஊர். வந்து தங்குகிறவர்களின் பெயரை விடுதி வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வரவேற்பார்கள். அன்றைக்கு எழுதியிருந்த பெயர் செவலை. ஊர்க்காவலன் என்கிற என் பெயர் இல்லை. மகன் நாயின் பெயரைத்தான் பதிந்திருக்கிறான்.

விடுதிக்காரி ஹிசாயோ என் வயதுக்காரி, புருஷன் இல்லாதவள். வாசலில் மண்டியிட்டு நாயின் நாலு காலையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, செல்போனை வாய்க்கு நேரே வைத்துப் பேசினாள், செல்போன் ரேடியோச் செய்தி வாசிக்கிறவர் மாதிரித் தமிழில், "தங்களைக் காக்க வைத்ததற்கு மிகவும் மன்னிக்கவும்" என்றது. காக்க வைக்கவே இல்லை. அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான், தேநீர் கொடுத்தால் மன்னிப்பு, கதவைத் திறந்தால் மன்னிப்பு, மழை பெய்தால் அதற்கும் மன்னிப்பு. என் மகன் சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, "வாரேன்ப்பா" என்று கிளம்பினான்.

மறுநாள் சனிக்கிழமை. நான் பிறந்ததிலிருந்து சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காமல் இருந்ததில்லை, லாரியில் போகும்போதுகூட ஆற்றங்கரை பார்த்து நிறுத்திக் குளித்தவன். ஊரிலிருந்து ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் ஒரு பொட்டலம் சீயக்காயும் கொண்டு வந்திருந்தேன். பேச்சித்தாய் சனிக்கிழமை தோறும் செவலைக்கும் எண்ணெய் தேய்த்துவிடுவாளாம், அதனால் விடிகிற நேரத்தில் இரண்டு பேருக்குமாகத் தேய்த்து, ஊறவிட்டு, கோமணத்தோடு கடலைப் பார்த்த பாறைக் குளத்தில் நாயோடு இறங்கிச் சீயக்காய் போட்டு அரக்கித் தேய்த்துக் குளித்தேன். நாய்க்கு அங்கே தனி மரத்தொட்டி உண்டென்பதும், அந்த நாட்டுக்காரர்கள் வெளியே உட்கார்ந்து நுரை போகக் குளித்து முடித்த பிறகுதான் அம்மணமாகக் குளத்தில் இறங்கிச் சும்மா உட்காருவார்கள் என்பதும், அந்தத் தண்ணீரில் அழுக்குத் தேய்ப்பது கோயில் கருவறையில் பல் தேய்க்கிற மாதிரி என்பதும் எனக்கு யார் சொன்னார்கள். எண்ணெயும் சீயக்காயும் தண்ணீர் மேலே பழுப்பு நிறத்தில் படர்ந்தன. நாங்கள் ஏறி உடம்பு துடைப்பதற்குள் குளம் ஆறிவிட்டது. குளம் மட்டுமல்ல, பதினோரு விடுதியிலும் குழாய்த் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகிவிட்டது, முட்டை நாற்றமும் நின்றுவிட்டது.

ஹிசாயோ வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். தலை தரையில் படக் குனிந்து, எனக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அதற்குள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த செவலை பக்கத்து மரத்தொட்டியில் போய் இறங்கியது, ஆறிப்போயிருந்த அந்தத் தண்ணீர் ஆவி விட்டது. ஹிசாயோ விரலை வைத்து எடுத்தாள், உள்ளே போய் வெப்பம் பார்க்கிற குச்சியைக் கொண்டு வந்து விட்டுப் பார்த்தாள், நாற்பத்திரண்டு என்று ஒரு நோட்டில் எழுதினாள், பிறகு பதினோரு விடுதிக்கும் தலைவரான தனபேக்குப் போன் போட்டாள். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஈரத்தில் மண்டியிட்டுத் தன் பெயர் போட்ட அட்டையை இரண்டு கையாலும் பிடித்து முதலில் நாய்க்கு நீட்டினார், பிறகுதான் எனக்கு.

அன்று மத்தியானமே கூட்டம் போட்டார்கள். எனக்கும் செவலைக்கும் உட்காரத் திண்டு போட்டார்கள், நாயின் திண்டு தடிமனாக இருந்தது. தண்ணீர் ஏன் ஆறியது என்று ஒருவரும் கேட்கவில்லை, நாய் இறங்கினால் ஏன் கொதிக்கிறது என்றும் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்றுதான் பேசினார்கள். சாயங்காலம் மலை மேலே ஊற்றுத் தொட்டிக்குக் கூட்டிப்போனார்கள். நான் "எறங்கு கண்ணு" என்றேன். செவலை இறங்கி அரைமணி நேரம் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது, கீழே பதினோரு விடுதியின் புகைபோக்கியிலும் வரிசையாக ஆவி கிளம்பியது. தனபே ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணி, பதினொன்றும் வந்ததும் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அதன் பிறகு அந்த ஊர் நாயை வைத்து நடந்தது. ஐந்து வேளை. அதற்கு நேர அட்டவணை அச்சடித்துத் தபாலாபீஸிலும் மீன்கடையிலும் ஒட்டினார்கள், பெண்கள் அதைப் பார்த்து அரிசி களைந்தார்கள், பஸ்காரன் முதல் வண்டியைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தான். தொட்டியைச் சுற்றி, அவர்கள் கோயிலில் கட்டுகிற மாதிரி வைக்கோல் கயிறு கட்டி வெள்ளைத் தாளை மடித்துத் தொங்கவிட்டார்கள். மழைக்குக் கூரை போட்டார்கள், வெயிலுக்குத் தட்டி வைத்தார்கள். மீன்கடைக்காரன் தினமும் ஒரு பெரிய மீனின் கன்னச் சதையை மட்டும் வெட்டிக் கொண்டு வந்தான், முழு மீனை எனக்கு வைத்தான், கன்னம்தான் ருசி என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டான். நாய்க்குத் தமிழ்தான் தெரியும் என்றதும் ஊரே படித்தது. எறங்கு, இரி, ஏறு, வா, போதும். காய்கறி விற்கிறவளும் பல் வைத்தியரும் சைக்கிளில் போகிற போலீஸ்காரரும் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். முட்டி மடங்காத கிழவிகள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வெந்நீரில் இறங்கும்போது தங்களுக்குத் தாங்களே "எறங்கு கண்ணு, எறங்கு கண்ணு" என்று சொல்லிக்கொண்டார்கள்.

தனபே எச்சரிக்கையான ஆள். ஒரே நாயை நம்பியிருக்கக் கூடாது என்று வேறு ஒன்பது நாய்களைக் கொண்டு வந்தார். என் பாட்டிலில் மிச்சம் இருந்த எண்ணெயை ஒன்பதுக்கும் தேய்த்து, நான் எறங்கு என்று சொல்லி, ஒன்பதையும் தொட்டியில் இறக்கினோம். ஒன்பதும் தும்மின. தண்ணீர் அப்படியே இருந்தது.

நாலு நாள் நாலு வாரமாயிற்று. அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் போனால் இரண்டு பக்கமும் குனிந்தார்கள். முப்பத்தொரு வருடம் செக்போஸ்டில் நான்தான் குனிந்தேன், அதனால் எனக்கு அது பிடித்திருந்தது, பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நாய் என்ன ஆகிறது என்பதை மூன்றாவது வாரமே பார்த்திருக்க வேண்டும். வாயோரத்தில் நாலு வெள்ளை முடி. பிறகு புருவத்தில். ஐந்தாவது வாரம் படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கியது. மிருக வைத்தியர் வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு வயது நாய்க்குப் பத்து வயதுப் பல் என்று சொன்னார்.

மறுபடியும் கூட்டம். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐந்து வேளையை மூன்றாகக் குறைத்தார்கள். கடைசி இரண்டு விடுதிக்காரர்கள் தாங்களாகவே எழுந்து நின்று எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி, வாசலில் ஒரு தாளில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டிவிட்டுக் குளத்தை மூடினார்கள். நாயைத் தொட்டிக்குத் தூக்கிப்போக நாலு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். எல்லாம் முறையாக நடந்தது. ஒரு நாள் தனபே என்னை மட்டும் மலைக்கு அழைத்துப் போய் ஒரு துணியை விலக்கிக் காட்டினார். முழங்கால் உயரக் கருங்கல், வழுவழுவென்று இழைத்தது, அதில் மேலிருந்து கீழாக அவர்கள் எழுத்தில் செவலை என்று வெட்டியிருந்தது. அதற்குக் கீழே வருடம், மாதம் என்று வெட்டி, எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

செல்போன் கேட்டது: "தங்களுக்கு இது பிடித்திருக்கிறதா?"

நான் கீழே இறங்கி வந்து மகனுக்குப் போன் போட்டேன். அந்த நாட்டுக்கு வந்த பிறகு நானாக அவனிடம் பேசியது அதுதான் முதல். நாயைக் கோவில்பட்டிக்குக் கொண்டு போகிறேன், அதற்கு என்ன பேப்பரோ அதைப் போடு என்றேன். அவன் மறுநாள் நேரில் வந்தான். நான் கடற்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தேன், செவலை என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாய்க்குப் பேப்பர் ஆறு மாசம் ஆகும்ப்பா. ஒங்க விசா இருவது நாள்ல முடியுது."

"ஆறு மாசம் கழிச்சு அனுப்பி வையி. அதுவரைக்கும் ஒன் வீட்டுல கெடக்கட்டும். இந்தத் தண்ணிக்குள்ள இனி எறங்கக் கூடாது."

அவன் செருப்பால் மணலைக் கிளறினான். "போன மாசமே அவங்க வந்து கேட்டாங்க. இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"எங்க பில்டிங்குல நாய் ராத்திரி பூரா கதவப் பாத்து அழுதுட்டே இருந்துச்சுப்பா. இங்க அழல."

"யாரக் கேட்டுச் சொன்னேன்னு கேக்கேன்லே. அன்னைக்கும் இப்பிடித்தான். இங்க ஐஸ் போட்டுப் பத்து நாள்கூட வைப்பாங்கன்னு ஹிசாயோ சொல்லுதா. அந்தப் பொம்பளைக்கித் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலயா?"

"தெரியும்." அவன் பாறையில் உட்கார்ந்தான், எனக்குப் பக்கத்தில் இல்லை, நாய்க்கு அந்தப் பக்கம். "ஐஸ்ல வைக்கலாம்னு சொன்னாங்க. அம்மா பிரிட்ஜத் தொறந்தாலே கைய இழுத்துக்கிடும். எனக்கு மனசு வரல."

"ஒனக்கு மனசு வரல. என் மனசக் கேட்டியா?"

அவன் நாயின் காதைத் தடவிக்கொண்டே வேறு ஒன்றைச் சொன்னான். "அன்னைக்கு நான் ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்ப ஒடம்பு சூடா இருந்துச்சுப்பா. இப்பத்தான் போயிருக்குன்னு நெனச்சு நெஞ்சப் போட்டு அமுக்குனேன். டாக்டர் வந்து காலையிலயே முடிஞ்சுபோச்சுன்னாரு. இந்தக் குளிருல இவ்வளவு நேரம் எப்பிடி ஆறாம இருந்துச்சுன்னு அவருக்கே புரியல. இது அம்மா மேல படுத்துக் கெடந்துச்சு. தூக்குனா வரல."

அதை நான் வந்து இரண்டு மாதம் கழித்து, நான் கேட்டதற்குப் பதிலாக இல்லாமல், போகிறபோக்கில் சொல்கிறான். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது விடுதியிலிருந்தும் ஆவி போய்க்கொண்டிருந்தது. யார் யாரோ, பெயர் தெரியாதவர்கள், தூர தூர ஊரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், வெள்ளைத் துண்டைத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடி என் பெண்சாதியின் கடைசிச் சூட்டில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வர வேண்டிய சூடு. முப்பத்தெட்டு வருடம் என்னோடு இருந்தவளின் உடம்பில் மிச்சம் இருந்தது, ஒரு நாயிடம் கொடுத்தனுப்பியது, என் காலை மோந்து பார்த்து என் முகத்தையே பார்த்து உட்கார்ந்தது, நான் என்ன செய்தேன், ஊர்க் குழாயில் விட்டேன். என்னை அப்படிச் செய்ய வைத்தார்கள் என்பதுதான் சரி.

"அது எனக்குச் சேர வேண்டியதுலே" என்றேன்.

"எதுப்பா?"

நான் சொல்லவில்லை. சொல்லி விளங்க வேண்டியவனாக இருந்தால் மூன்றாம் நாள் தீ வைத்திருக்க மாட்டான்.

அந்த இருபது நாளும் நான் அங்கேயே இருந்தேன், ஒரு வேளை விடாமல் தொட்டிக்குப் போகாதே என்று செவலையிடம் சொன்னேன், அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தேன். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வெளியே வராந்தாவில் வந்து வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார்கள், கிழவிகள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, தனபே கடிகாரத்தைக் கையில் மூடிக்கொண்டு, சத்தமே இருக்காது. ஒரு மணி நேரம் போனதும் நாயே எழுந்து கதவைப் பிறாண்டும். நான் திறந்துவிடுவேன். திறந்ததும் எல்லாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்பார்கள்.

கடைசி நாள் காலையில் மகன் காரோடு வந்தான். ஊர் முழுக்க மலையேறி வந்திருந்தது. செவலையைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்து தொட்டி ஓரத்தில் விட்டார்கள். அதன் முகம் முழுக்க வெள்ளை, கண்ணில் பால் படர்ந்திருந்தது, பின்னங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நான் தொட்டிக்கு மறுபக்கம் நின்றேன். அந்த நாய்க்குத் தெரிந்த பாஷை என் பாஷை, அங்கே இருந்த அத்தனை பேரில் அதைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள் நானும் என் மகனும்தான். இந்த ஒரு தடவை என் பேச்சு எடுபடும் என்று நினைத்தேன்.

"செவல, வேணாம்" என்றேன். "எறங்காத. இங்க வா."

அது தலையைத் தூக்கியது. யாரும் அசையவில்லை. பாதிக் கண்ணால் என் பக்கம் தேடிப் பார்த்தது, ஒரு காலை எடுத்து என் பக்கமாக வைக்கவும் செய்தது. எதிர்ப்பக்கம் ஹிசாயோ குனிந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், அதட்டாமல், "எறங்கு கண்ணு" என்றாள். கண்ணு என்பதைக் கொஞ்சம் இழுத்தாள். அப்படி இழுக்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணு என்றால் வெடுக்கென்று சொல்வேன், லாரிக்காரன் நாக்கு. அப்படி இழுத்துச் சொல்கிற ஒருத்தியோடு நான் முப்பத்தெட்டு வருடம் இருந்தேன்.

நாய் இறங்கியது.

தண்ணீர் ஆவி விட்டது, முன்பு மாதிரி குபுகுபுவென்று இல்லை, ஒரு டம்ளர் காப்பியிலிருந்து வருகிற அளவுக்கு. கீழே விடுதிகளில் ஆவி வருகிறதா என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வந்தது. அப்புறம் ஐந்தாவது. நான் மண்டியிட்டு, சட்டைக்கையைச் சுருட்டாமலே, கையைத் தண்ணீருக்குள் விட்டுச் செவலையின் முதுகில் வைத்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, முதுகு சுட்டது. காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி. எடுக்கவில்லை. தனபே கடிகாரத்தைப் பார்க்கும் வரைக்கும் வைத்திருந்தேன், பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊரே தெருமுனை வரை வந்தது. கார் திரும்புகிற வரைக்கும் குனிந்த தலை நிமிரவில்லை. மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று செல்போன் இல்லாமலே அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை வாங்கி வைக்க என்னிடம் இடம் இல்லை.

நான் கோவில்பட்டிக்கு வந்து எட்டு மாதமாகிறது. வெள்ளைப் பானை அலமாரியில் இருக்கிறது, கடலில் கரைக்கவில்லை, முகம் பார்க்காமல் எதைக் கரைக்க. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகன் போன் போடுகிறான். பேத்தி என்ன பேசினாள் என்று சொல்வான், பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்பான், செவலை இருக்கு என்பான், இப்போது ஒரு நாளைக்கு ஒரு வேளைதான், ஒரே ஒரு விடுதிக்குத்தான் தண்ணீர், அதில் முறை வைத்துக் கிழவிகளை மட்டும் இறக்குகிறார்களாம். எல்லாவற்றையும் சொல்வான். அந்த ஊரில் தேநீர் கொடுக்கிறவள்கூட ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற ஒரு சொல்லை மட்டும் சொல்ல மாட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பேசி முடித்த பிறகும் வைக்காமல் இருந்தான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நானும் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து, சனம் தண்ணீர் பிடித்து, லாரி போயும் விட்டது.

"வச்சிரட்டுமாப்பா" என்றான்.

"வையி" என்றேன்.